கப்பித்தானைத் திருத்திய வருஷம்

நம் வயதை எட்டிவிட்டால் வீட்டில் நாய்க்கு அடுத்த இடமாவது நமக்குக் கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மகள் சென்னையைக் காலிசெய்துகொண்டு மாப்பிள்ளை, பிள்ளை, நாய் சகிதமாகத் தூத்துக்குடியில் என் வீட்டுக்கே வந்து சேர்ந்ததும் அந்த நம்பிக்கை போய்விட்டது. அந்த நாய்க்கு யாராவது மடியில் வைத்துக்கொண்டால்தான் சோறு இறங்கும். மின்விசிறிக்கு நேர் கீழேதான் படுக்கும். இடம் மாறிய பதற்றத்தில் என் செருப்பையும் மாப்பிள்ளையின் பெல்ட்டையும் தின்று தீர்த்தது. மகள் போனில் ஏதேதோ வீடியோ பார்த்து, சோற்றுக்கு நேரம், படுக்கைக்கு இடம் என்று வகுத்து அதை ஒழுங்குக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள். போன வாரம் ஒரு கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"காலைல நான், சாயங்காலம் நீங்க. வீட்டுல இருக்குற எல்லாரும் மாத்தி மாத்திக் குடுக்கணுமாம்மா. ஒருத்தரே குடுத்தா மத்தவங்கள அது ஆளாவே எண்ணாதாம்."

கிண்ணத்தை வாங்கி மேசையில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டேன். தலைவலி என்று சொன்னேன். தலை வலிக்கவில்லை. மகளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன். உங்களில் தோணிக்காரர் வீட்டில் பிறந்தவர்கள் இருந்தால் பாதியிலேயே உங்களுக்குப் புரிந்துவிடும்.

என் அப்பா தோணியில் தண்டல். சரக்குத் தோணியை ஓட்டிப்போகும் தலைவனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். வெங்காயம், வற்றல் மிளகாய், உடன்குடிக் கருப்பட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய் வருவார். இடையில் ஒரு நாள் இரண்டு நாள் தலையைக் காட்டுவதோடு சரி. தென்மேற்குக் காற்று கிளம்பிக் கடல் கொந்தளிக்கிற மாதங்களில்தான் தோணிகளை ஓரம் கட்டுவார்கள். அப்போதுதான் அவர் வீட்டில் இருப்பார்.

அந்த மாதங்களில் எங்கள் வீட்டில் தினமும் திருவிழா. நங்கூரம் வரைந்த டிரங்குப் பெட்டியை அப்பா திறந்தால் கொழும்பு சோப்பு வாசனையும் தார் வாசனையும் மீனெண்ணெய் வாடையும் சேர்ந்து வந்து வீடு முழுக்க நிறையும். அந்தப் பெட்டி இன்றைக்கு எங்கே போனதென்று தெரியவில்லை. நான் எத்தனை மணிக்கு எழுந்தாலும் திட்டு கிடையாது. அப்பாவுக்கென்று நீலப் பூப்போட்ட பீங்கான் தட்டு ஒன்று அலமாரியிலிருந்து இறங்கும். அவருக்கு முதலில் சோறு, நடு மீன் துண்டு, விசிறி. ஒரு குடம் தண்ணீர் தூக்க விடமாட்டாள் அம்மா. மழைக்கு ஓடு ஒழுகினால்கூட, அவர் தோணி ஏறிய பிறகு ஆளைக் கூப்பிட்டுத்தான் மாற்றுவாள். அவள் மட்டும் இல்லை, எங்கள் தெருவில் தோணிக்காரர் பெண்டாட்டிகள் எல்லோரும் அப்படித்தான். வருகிற மனுசனை மாப்பிள்ளை மாதிரி வைத்து அனுப்ப வேண்டும் என்பது அவர்களுடைய கொள்கை.

இந்தக் கவனிப்பில் அதிகம் கெட்டுப்போனது நாய்தான். கொழும்பில் யாரோ கொடுத்தார்கள் என்று அப்பா சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்த குட்டி. செம்பட்டை நிறம், மூஞ்சி மட்டும் கறுப்பு. கப்பல் கேப்டனைச் சொல்லுகிற கப்பித்தான் என்ற பெயரை வைத்தார். "தோணிக்குத்தாம்ளா நான் தண்டல். எனக்கு மேல ஒரு கப்பித்தான் வேண்டாமா?" என்பார். சாய்வு நாற்காலியில் அப்பா படுத்தால் அவர் வயிற்றின் மேல் அது படுக்கும். மீனை முள் எடுத்து ஊட்டுவார். பேக்கரியிலிருந்து மக்ரூன் வாங்கி வந்தால் எனக்கு ஒன்று, அதற்கு ஒன்று. தட்டில் வைத்த சோற்றை அது மோந்துகூடப் பார்க்காது. கையால் கொடுத்தால்தான் வாய் திறக்கும்.

அவர் தோணி ஏறிய மறுநாளே அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்குவாள். என்னை விடியற்காலையில் எழுப்புவாள், நாயைக் கொல்லைக்கு அனுப்புவாள். அது சில நாள் பட்டினி கிடந்து அழும். பிறகு வழிக்கு வரும். அப்பா கெடுப்பதும் அம்மா திருத்துவதும் வருஷா வருஷம் நடக்கிற கூத்து. இரண்டு பேருக்குமே அதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் மாசி மாதத்தில் அப்பா வந்துவிட்டார். சரக்கு இறக்கும்போது கயிறு அறுந்து மூட்டைகள் அவர் முழங்காலில் விழுந்திருந்தன. காரிலிருந்து அவரை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். கால் மடங்காது, இனிமேல் கடல் கிடையாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு, தன் மேல் தாவி ஏறிய நாயின் காதைச் சொறிந்தபடி, "இனிமே இங்கனதான்ளா. ஒங்க கூடத்தான்" என்றார். அந்தக் குரலில் வருத்தத்தோடு வேறொன்றும் இருந்தது. என் அப்பாவுக்கு வீட்டில் இருக்க ஆசை. அதை அவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். நாங்கள் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வீடு தலைகீழானது அதற்குப் பிறகுதான். என் அத்தை, அப்பாவின் தங்கை, கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடு இருந்தவள். கன்னியர் மடத்துப் பள்ளி விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. மணி அடித்துத் திருத்த முடியாத பொருள் உலகத்தில் இல்லை என்பது அவள் நம்பிக்கை. அவள் சொல்லி, அம்மாவும் அதே விடுதியில் சமையலை மேற்பார்க்கும் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். காலையில் மாதா கோயில் மணிக்கு எழுந்து, எல்லாம் முடித்து, என்னைப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு கிளம்புவாள். சாயங்கால மணிக்குத் திரும்புவாள். பகல் முழுக்க வீட்டில் அப்பாவும் நாயும்தான்.

ஒரு சாயங்காலம் அம்மா வந்து பார்த்தபோது நாய் அவளுடைய கட்டிலில், அவளுடைய தலையணையில் படுத்திருந்தது. மதியத்துக்கு வைத்திருந்த மீன் முழுவதும் அதன் வயிற்றுக்குள் போயிருந்தது. அம்மா குசினியில் அடுப்பருகே நின்று அத்தையிடம் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"மூணு மாசம்னா விருந்துன்னு விட்டுரலாம். இது ஆயுசுக்கும்லா. தெனமும் திருவிழாவா இருந்தா வீடு வெளங்குமா?"

"அண்ணன ஒண்ணும் சொல்ல முடியாது மைனி. நாயில இருந்து ஆரம்பிங்க. அது ஒழுங்குக்கு வந்துட்டா வீடே ஒழுங்குக்கு வந்துரும்" என்றாள் அத்தை.

இருவரும் அதை அன்போடுதான் பேசினார்கள். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

அந்தச் சமயம் பார்த்துத் தெருவில் யாரோ நாய்களுக்கு விஷம் வைத்தார்கள். எதிர்வீட்டு நாய் வாசலிலேயே விறைத்துக் கிடந்தது. இனிமேல் கப்பித்தான் அம்மா சொல்லாமல் யார் கையிலும் எதுவும் வாங்கக் கூடாது என்று முடிவானது. காலை மணிக்கு ஒரு தரம், சாயங்கால மணிக்கு ஒரு தரம் சோறு. தட்டை வைத்ததும் உட்கார வேண்டும். அம்மா "சாப்பிடு" என்று சொன்ன பிறகுதான் வாய் வைக்க வேண்டும். மற்ற நேரம் கொல்லையில் முருங்கை மரத்தடி. அந்தக் கொல்லை மண்ணைக் கிளறினால் பழைய முத்துக்குளிப்புக் காலத்துச் சிப்பி ஓடுகள் பளபளவென்று வரும். நாய் சலிப்பில் அதைத் தோண்டிக்கொண்டே கிடக்கும். நாள் முழுக்க ஓடுகள் உரசும் சத்தம் கேட்கும்.

பழக்குவதில் அத்தை ஒரு யுக்தி கண்டுபிடித்தாள். நாய்க்கு எந்தக் கை ரொம்பப் பிடிக்குமோ அந்தக் கையாலேயே நீட்டி, அதை வேண்டாம் என்று சொல்லப் பழக்கிவிட்டால், ஊரில் வேறு யார் கையும் அதை ஒன்றும் செய்ய முடியாதாம். அதனால் அப்பாவை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவர் கையில் கருவாட்டுத் துண்டு. அம்மா பக்கத்தில் சுருட்டிய தினத்தாளோடு நின்றாள்.

"நீங்க குடுங்க. வாங்குதான்னு பாப்போம்."

"வாங்கத்தான செய்வான்?" என்றார் அப்பா.

"வாங்கட்டும். அப்பதான பழக்க முடியும்."

அப்பா கையை நீட்டினார். கப்பித்தான் துள்ளி வந்து வாயில் கவ்வியது. அம்மா அதன் மூக்கில் ஒரு தட்டுத் தட்டினாள். வலிக்கிற அடி இல்லை. ஆனால் நாய் அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தது. கூப்பிட்டுக் கொடுத்தவர் அவர்தானே. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். அப்பா சிரித்துக்கொண்டேதான் கை நீட்டினார். ஒரு நாள் மட்டும், "ஏளா, இதுக்கு வேற ஆளு கெடைக்கலையா?" என்று கேட்டார். "நீங்கதான சும்மா இருக்கிய" என்றாள் அம்மா. அவள் கேலியாகத்தான் சொன்னாள்.

கடைசியில் ஒரு நாள் அப்பா கை நீட்டியபோது நாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அத்தை கை தட்டினாள். நானும் தட்டினேன். அப்பா கருவாட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டார்.

காலில் கட்டுப் பிரித்து அவர் ஊன்றுகட்டையோடு நடக்க ஆரம்பித்ததும் வீட்டில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தார். "தண்ணி நான் பிடிக்கட்டா?" என்பார். "நீங்க இருங்க" என்பாள் அம்மா. "பிள்ளைக்கு நான் தலை பின்னி விடுதேன்" என்பார். "உங்களுக்கு எதுக்கு அந்தச் சிரமம், நீங்க இருங்க" என்பாள் அத்தை. நாயைக் கடற்கரைக்கு நடத்திக்கொண்டு போகிறேன் என்றதற்கும், இழுத்தால் விழுந்துவிடுவீர்கள் என்று சொல்லி வேலையை என்னிடம் கொடுத்தார்கள். ஒவ்வொரு பதிலும் நியாயமானதுதான். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வீட்டில் அவருக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர ஒரு வேலையும் இல்லை. பூப்போட்ட தட்டில் அவருக்கு முதலில் சோறு போட்டோம். அது மரியாதை என்று நினைத்தோம்.

விடுதிப் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்து வந்தது. அம்மாவும் அத்தையும் விடியலிலேயே போய்விட்டார்கள். அன்றைக்கு எனக்குப் பள்ளி விடுமுறை. அவர்கள் தலை மறைந்ததும் அப்பா கண்ணைச் சிமிட்டினார். "இன்னைக்குக் குசினி நம்ம கையில."

அப்பா சமைப்பார் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தண்டல் ஆகிறவன் எல்லோரும் தோணியில் முதலில் சமையல் பையனாக இருந்தவன்தான் என்று சொல்லிக்கொண்டே, மடங்காத காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, மீன்காரி கொண்டுவந்த சாளையைக் கழுவினார். தேங்காய் அரைக்காமல் புளியும் மிளகாயும் மட்டும் போட்டு ஒரு குழம்பு வைத்தார். அப்படி ஒரு மணத்தை அந்த வீடு அதற்கு முன் அறிந்ததில்லை. என்னை வெங்காயம் உரிக்க வைத்தார். மாலத்தீவில் ஒரு தடவை குழம்பில் உப்புக்குப் பதில் சோடா உப்பைப் போட்ட கதையைச் சொல்லிச் சிரித்தார். நாற்காலியில் உட்கார்ந்தே இருந்த மனுசனை மறந்து என் பழைய அப்பாவைப் பார்த்தேன்.

சாயங்காலக் கோயில் மணி அடித்தது. அம்மா வரவில்லை. கப்பித்தான் கொல்லையிலிருந்து வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. அப்பா மீன் முள்ளையெல்லாம் எடுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்து அதன் எனாமல் தட்டில் வைத்தார். "சாப்பிடுலே" என்றார்.

நாய் தட்டைப் பார்த்தது. வாயிலிருந்து எச்சில் வழிந்து சிமெண்டுத் தரையில் சொட்டியது. பிறகு வாசலைப் பார்த்தது.

"சாப்பிடு" என்றார் மறுபடியும். பிறகு அம்மாவின் குரல் மாதிரி மெல்லியதாக ஆக்கிச் சொல்லிப் பார்த்தார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். நாய் அசையவில்லை. ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு அப்பா அதன் எதிரே தரையில் இறங்கினார். அந்தக் காலோடு இறங்குவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும். ஒரு கவளம் எடுத்து அதன் வாயருகே நீட்டினார். கப்பித்தான் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்பு நடுங்கியது. மூக்கில் அடி விழும் என்று காத்திருந்தது.

அப்பா கையை மடக்கிக்கொண்டார். "என் கை அதுக்குத் தெரியலளா" என்றார்.

"தெரியும்ப்பா. அம்மா சொல்லணும்லா, அதான்."

"ஆமா" என்றார். "ஒங்கம்மா சொல்லணும்."

விளக்கேற்றுகிற நேரத்துக்கு அம்மாவும் அத்தையும் வந்தார்கள். அப்பா இன்னும் தரையிலேயே இருந்தார். எதிரே நிறைந்த தட்டு, தட்டுக்கு முன்னால் நாய். நான் நடந்ததைச் சொன்னேன். அம்மா முகம் மலர்ந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல், "சாப்பிடு" என்றாள். நாய் பாய்ந்து தட்டைக் காலி செய்தது.

"பாத்தீங்களா? எப்படிப் பழக்கி வச்சிருக்கேன்" என்றாள் அப்பாவிடம். அவளுக்கு அது எவ்வளவு பெரிய வெற்றி என்பது எனக்கு இப்போது புரிகிறது. வருஷம் முழுக்க ஒற்றை ஆளாக வீட்டைத் தூக்கி நிறுத்தியவள். தான் சொன்னதை ஒரு உயிர் அவ்வளவு நம்பிக்கையோடு கேட்டது அவளுக்குப் பெருமையாக இருந்திருக்கும்.

"நல்லாப் பழக்கியிருக்க" என்றார் அப்பா. அவர் எழுந்திருக்க நான்தான் கை கொடுத்தேன். குழம்பு எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. அவர்கள் விடுதி விருந்தில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் அம்மா அதைக் கொட்டிவிட்டுச் சட்டியைக் கழுவினாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளிலேயே அப்பா பழைய துறைமுகத்துக்குப் போய்விட்டார். தோணி முதலாளி ஒருவர், சரக்கு அடுக்கும் கிட்டங்கியிலேயே இருந்து ஏற்றுமதியை மேற்பார்க்கச் சொல்லி அவரை ஏற்கனவே கூப்பிட்டிருந்தார். வீட்டில்தான் இருக்கப் போகிறேன் என்று அப்போது மறுத்தவர், இப்போது தானாகப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டார். "அங்கனயே ஒரு ரூம் தாராவ. விடிய முன்ன ஏத்துமதி தொடங்கிரும்லா, போக வர கஷ்டம்" என்றார். எங்கள் வீட்டிலிருந்து பழைய துறைமுகம் நடந்து போகிற தூரம். என்னால் பள்ளி விட்டு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வர முடிந்தது.

தெருவில் எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். கடல்காரனைக் கரையில் கட்டிப்போட முடியுமா, உப்புக் காற்று படாவிட்டால் அவனுக்கு உயிர் தரிக்குமா என்றார்கள். அம்மாவும் நம்பினாள். "அவுகளுக்கு அங்கனதான் மனசு" என்று அத்தையிடம் சொன்னாள், பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிற மாதிரி. கடலில் பாதி ஆயுளைக் கழித்தவன் கடலைத்தான் விரும்புவான் என்று கடற்கரையில் பிறந்த அத்தனை பேரும் எப்படி நினைத்தோமோ தெரியவில்லை. அவர் வீட்டை விரும்பினார். வீடு அவருக்கு நாற்காலியைத்தான் காட்டியது. அந்தக் கிட்டங்கி அறையிலேயே அவர் கடைசி வரை இருந்தார். அங்கிருந்துதான் ஒரு நாள் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தோம்.

அங்கே இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வீட்டுக்கு வருவார். கையில் ஏதாவது ஒரு பொட்டலம். வாசலில் நின்று செருமிவிட்டு உள்ளே வருவார். முன்பெல்லாம் அப்படிச் செருமியதில்லை. ஆட்டுக்கறிக் குழம்பைச் சாப்பிட்டு, நன்றாயிருக்கிறது என்று சொல்லி, என் படிப்பை விசாரித்துவிட்டு, வெயில் தாழக் கிளம்பிவிடுவார். அவர் ஏன் போனார் என்பது அம்மாவுக்கு எப்போது உறைத்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அன்று அம்மா நாயின் தட்டில் கறிச்சோறு போட்டாள். தன் வாயைத் திறக்காமல் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொல்லுங்க. ரெண்டு நாள் சொன்னா பழகிரும். நான் பக்கத்துல நிக்கேன்."

அப்பா துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "வேண்டாம்ளா. நல்லாப் பழகுனதப் போட்டு ஏன் கெடுக்க?"

"கெட்டாக் கெடட்டும்" என்றாள் அம்மா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

அவர் சிரித்தார். "வாரேன்" என்று எங்கள் எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டு ஊன்றுகட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அம்மா வாசல்படி வரை போனாள். கப்பித்தான் அவள் காலடியில் வந்து நின்றது. அப்பாவின் பின்னால் கையைக் காட்டி, "போ" என்றாள் அதனிடம். "கூடப் போ."

உட்காரவும், காத்திருக்கவும், கேட்காமல் தொடாமல் இருக்கவும் அதற்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். போகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவள் முகத்தைப் பார்த்தது. என்ன செய்வதென்று தெரியாமல், நல்ல பிள்ளையாக அங்கேயே உட்கார்ந்தது. அப்பா கட்டையை ஊன்றி ஊன்றித் தெருமுனை திரும்புகிற வரை அம்மா அதனிடம் போ, போ என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.